மொரிவாகி பத்து யென் ஏற்றிய கதை

கமினோசே நகரத்துக் கடைத்தெருவில் கொரொக்கே விற்கும் மொரிவாகி, தேசத்தின் பொருளாதாரத்துக்கு எதிராகத் தான் இருபத்தாறு வருடமாகச் சதி செய்துவருவதை அறியாமலே இருந்தார். அரசாங்கம் கடிதம் போட்டுச் சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

அவர் செய்த குற்றம் இதுதான். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, கொஞ்சம் கொத்துக்கறி சேர்த்துத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்து, ஒன்று அறுபது யென்னுக்கு விற்றார். கடை திறந்த அன்றைக்கும் அறுபது, இன்றைக்கும் அறுபது.

இதை வைத்து அவரைப் பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் கூச்ச சுபாவி, அவ்வளவுதான். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து “விலை ஏறியிருக்கிறது” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாவு விலை ஏறியபோது சிகரெட்டை விட்டார். எண்ணெய் விலை ஏறியபோது பீரை விட்டார். உருளைக்கிழங்கு விலை ஏறியபோது விடுவதற்கு வேறொன்றும் மிச்சமில்லாததால், தன் தலைமுடியை வெட்டும் பொறுப்பை மனைவி ஃபூமியேயிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து எந்நேரமும் தொப்பி போட்டுக்கொண்டே இருந்தார்.

அவருக்கு இருந்த ஒரே கவலை கூரை. கடைத்தெரு முழுவதற்கும் சேர்த்து மேலே போட்ட கூரை, மிகச் சரியாக அவருடைய எண்ணெய்ச் சட்டிக்கு நேர்மேலே ஒழுகியது. காய்ந்த எண்ணெயில் மழைத்துளி விழுந்தால் என்ன ஆகும் என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். மொரிவாகியின் முழங்கை வரைக்கும் கொப்புளத் தழும்புகள். கடைசியில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குடை ஒன்றை விளக்குக் கம்பத்தோடு கட்டி, சட்டிக்கு மேலே பிடித்தாற்போல் நிறுத்திவைத்தார். கூரையைச் சரிசெய்யச் சொல்லி வியாபாரிகள் சங்கம் நகராட்சிக்குப் பதினோரு முறை மனு கொடுத்திருந்தது. நகராட்சி பதினோரு முறையும் நன்றி தெரிவித்திருந்தது.

கடிதம் வந்த மறுநாளே, கடிதம் போட்டவரும் வந்துவிட்டார். தேசிய விலை நம்பிக்கை வாரியத்தின் துணை இயக்குநர் ஹதாகெயாமா. கறுப்புக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் தோல்பை. குனிந்து வணங்கி, இரண்டு கைகளாலும் தன் பெயர் அட்டையை நீட்டினார். மொரிவாகியின் இரண்டு கைகளிலும் ரொட்டித்தூள். வேறு வழியில்லாமல் கொரொக்கே தட்டை நீட்டி அதில் அட்டையை வாங்கிக்கொண்டார்.

“மொரிவாகி ஐயா, உங்களைக் குத்தம் சொல்ல வரலை. நாட்டுல விலைவாசி ஏறாம நிக்குது. எங்க நிக்குதுன்னு தேடிக்கிட்டே வந்தோம். இங்கதான் நிக்குது.”

“இங்கயா?”

“டோஃபு கடைக்காரரை ஏன் ஏத்தலைன்னு கேட்டோம். மொரிவாகியே ஏத்தலை, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஏத்தறதுன்னாரு. முடி வெட்டறவரைக் கேட்டோம். டோஃபு கடை ஏத்தலையேன்னாரு. யாரைக் கேட்டாலும் கடைசில உங்க எண்ணெய்ச் சட்டிகிட்ட வந்து நிக்குது.”

“இவரு பாட்டுக்கு சிவனேன்னு இருக்காரு, இவரு மேல போய்…” என்று உள்ளேயிருந்து ஃபூமியே குரல் கொடுத்தாள்.

“அம்மா, சும்மா இருக்கறதுதான் பிரச்சனையே. வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் விலை ஏறணும். அது தேசத்தோட இலக்கு. விலை ஏறினாத்தான் நாடு முன்னேறும். கமினோசே அந்த ரெண்டு சதவீதத்தைத் தொட்டுட்டா, மாதிரி நகரம்னு அறிவிப்போம். மாதிரி நகரத்துக்குப் பரிசு உண்டு.” ஹதாகெயாமா நிமிர்ந்து மேலே பார்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. “கூரை!”

மொரிவாகியும் அண்ணாந்து பார்த்தார். கூரை! ஆனால் அதற்கு வாயைத் திறந்து விலை சொல்ல வேண்டுமே.

“அறுபதுக்கு ரெண்டு சதவீதம்னா ஒண்ணேகால் யென் கூட வராதுங்களே” என்று மெல்ல இழுத்தார்.

“பத்து யென்னா ஏத்திடுங்க. இருபத்தாறு வருஷம் தூங்கினதுக்கும் சேர்த்து.”

பேச்சு முடிந்ததும் ஹதாகெயாமா ஒரு கொரொக்கே வாங்கினார். காசு எடுக்க அவர் திறந்த சிறு பர்ஸில் ஒரே ஒரு ஐந்நூறு யென் நாணயம் இருந்தது. அவருடைய சம்பளம் முழுவதும் மனைவி கைக்குப் போய்விடும். தினசரி கைச்செலவுக்கு ஐந்நூறு. பன்னிரண்டு வருடமாக அதே ஐந்நூறுதான். கொரொக்கேயைக் கடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. “அடேயப்பா! அறுபது யென்னுக்கு டோக்கியோவுல இப்படி ஒண்ணு கிடைக்குமா!” என்றவர், தான் யார் என்று ஞாபகம் வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

கடைத்தெருக்காரர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்பது வாரியத்தின் கணிப்பு. அதைப் போக்க நகர மண்டபத்தில் நான்கு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பாடம் நடத்த வந்தவர் பேராசிரியர் சயோன்ஜி. விலைவாசி பற்றி ஏழு புத்தகங்கள் எழுதியவர் என்று ஹதாகெயாமா அறிமுகப்படுத்தினார். அந்த ஏழும் இப்போது பழைய புத்தகக் கடையில் நூறு யென்னுக்குக் கிடைக்கின்றன என்று டாக்ஸி ஓட்டும் நெமோதோ பின்வரிசையில் முணுமுணுத்தான். நெமோதோவுக்குக் கடைத்தெருவில் கடை கிடையாது. தினமும் மதியம் மொரிவாகியிடம் இரண்டு கொரொக்கே வாங்கித் தின்பவன் என்ற உரிமையில் வந்து உட்கார்ந்திருந்தான்.

சயோன்ஜி கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தார்.

“ரொம்ப எளிமையான விஷயம். நாளைக்கு விலை ஏறும்னு நீங்க நம்பணும். நம்பினா என்ன பண்ணுவீங்க? இன்னைக்கே வாங்குவீங்க. எல்லாரும் இன்னைக்கே வாங்கினா என்ன ஆகும்? விலை ஏறும். ஏறினா என்ன அர்த்தம்? நீங்க நம்பினது சரின்னு அர்த்தம். நாற்பது வருஷ ஆராய்ச்சி இது.”

ஃபூமியே கையைத் தூக்கினாள். “ஐயா, விலை ஏறினா சம்பளமும் ஏறுங்களா?”

“நல்ல கேள்வி. சம்பளம் எங்க வாரியத்துல வராதும்மா. அது மூணாவது மாடி. நாங்க அஞ்சாவது மாடி” என்றார் ஹதாகெயாமா முந்திக்கொண்டு.

“ரெண்டு மாடிக்கும் படிக்கட்டு இருக்குமில்ல?”

“இருக்கு. ஆனா எல்லாரும் லிஃப்ட்லதான் போவோம்.”

“சரி, கையில காசே இல்லாதவங்க இன்னைக்கே எப்படி வாங்குவாங்க?” என்றான் நெமோதோ.

“அவங்களை என் சமன்பாட்டுல சேர்க்கலை. சேர்த்தா விடை வரமாட்டேங்குது” என்றார் பேராசிரியர், ஒளிவுமறைவில்லாமல்.

மணி ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஏழரைக்கு நிலையத்துக்கு எதிரிலிருக்கும் பேரங்காடியில், அன்று மீந்த சாப்பாட்டுப் பெட்டிகள் மேல் பாதி விலை என்று மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். வகுப்பை முடித்துவிட்டு அவர் நேரே அங்கே போனதையும், சீட்டு ஒட்டும் பெண்ணின் பின்னாலேயே பெட்டியைக் கையில் எடுக்காமல் பொறுமையாக நடந்ததையும் ஃபூமியே தன் கண்ணால் பார்த்தாள். அவளும் அதற்குத்தான் போயிருந்தாள்.

நான்காம் நாள் பரீட்சை வைத்தார்கள். ஒரே கேள்வி. ‘உங்கள் கடையில் அடுத்த வருடம் விலை எவ்வளவு இருக்கும்?’ டோஃபு கடைக்காரர் பார்த்து எழுதித் தேறிவிட்டார். முடி வெட்டுபவர் தைரியமாக ஐயாயிரம் என்று எழுதி முதல் பரிசு வாங்கினார். மொரிவாகி வெகுநேரம் யோசித்து, அறுபது என்று எழுதினார். பூஜ்யம் போட்டார்கள். தேறாதவர்களுக்கான தனி வகுப்பில் அவர் ஒருவரே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கடைப் பலகையில் எழுபது என்று எழுதியிருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். செய்தார். கற்பனையிலேயே நெமோதோ வந்து பலகையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். மொரிவாகிக்கு வியர்த்துவிட்டது.

ஆனாலும் கூரை வேண்டுமே. அடுத்த மாதம் முதல் தேதி, எழுபது என்று பலகை எழுதினார். அதற்குக் கீழே, விலையைவிடப் பெரிய எழுத்தில், ‘எங்கள் முயற்சி போதாமையால் இந்த நிலை நேர்ந்தது. மனமார மன்னிப்புக் கேட்கிறோம்’ என்று எழுதினார். பிறகு கணவனும் மனைவியும் கடை வாசலில் நின்று, இன்னும் யாருமே வராத தெருவைப் பார்த்து இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கினார்கள்.

முதல் ஆளாக நெமோதோதான் வந்தான். பலகையைப் பார்த்தான்.

“ஏறிடுச்சா, அண்ணே.”

அவ்வளவுதான் சொன்னான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மொரிவாகியின் காது சிவந்தது. இரண்டு கொரொக்கேயைக் காகிதப் பையில் போட்டவர், கை தானாகப் போய் மூன்றாவதாகச் சின்னதாக ஒன்றை எடுத்துப் போட்டதைத் தானே வேடிக்கை பார்த்தார்.

“என்னண்ணே இது?”

“கொசுறு. கோவிச்சுக்காதே.”

நெமோதோவுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? எல்லோருக்கும் கொடுத்தார். மறுநாள், சின்னதாகக் கொடுத்தது இன்னும் அவமானமாகப் பட்டது. அதையும் முழு அளவாக்கினார். ஆக எழுபது யென் கொடுத்தவருக்கு இரண்டு கொரொக்கே.

“இப்படியே போனா எழுபது யென்னுக்குக் கடைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துடுவீங்க” என்றாள் ஃபூமியே. சொல்லிக்கொண்டே அவளும் ஒரு பிடி நறுக்கிய முட்டைக்கோஸைப் பையில் அள்ளிப்போட்டாள்.

மொரிவாகி ஏற்றிவிட்டார் என்றதும் தெருவே ஏற்றியது. ஏற்றிய ஒவ்வொருவருக்கும் அதே கூச்சம், அதே காது சிவப்பு. டோஃபு கடைக்காரர் ஐந்து யென் ஏற்றி, பொரித்த டோஃபு இரண்டு துண்டு இனாமாகப் போட்டார். முடி வெட்டுபவர் ஐம்பது யென் ஏற்றிவிட்டு, மனசு கேட்காமல் இருபது நிமிடம் தோள் பிடித்துவிட்டார். வந்தவர்கள் நாற்காலியிலேயே தூங்கிப்போக, காத்திருந்தவர்களுக்கும் நின்ற நிலையிலேயே பிடித்துவிட்டார். மாடியிலிருந்த பல் டாக்டர், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரோடு துணைக்கு வந்தவரின் பல்லையும் சுத்தம் செய்து அனுப்பினார். தெருமுனைக் கோயில் பூசாரி திவசத்துக்குத் தட்சிணையை ஏற்றிய வெட்கத்தில், அந்த வீட்டு முன்னோர்களோடு பக்கத்து வீட்டு முன்னோர்களையும் சேர்த்து ஓதினார். பக்கத்து வீட்டுக்காரர் இது தெரிந்து, நன்றிக்கடனாக முள்ளங்கி கொண்டுவந்து கொடுத்தார்.

சேதி பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். நெமோதோவின் டாக்ஸி ஓய்வில்லாமல் ஓடியது. அவனும் குறைந்தபட்சக் கட்டணத்தில் இருபது யென் ஏற்றிவிட்டு, வெட்கப்பட்டு, எல்லோரையும் ஆற்றங்கரை வழியாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியபின் இறக்கிவிட்டான். பத்து நாள் கழித்துக் கணக்குப் பார்த்தால், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தும் மொரிவாகிக்குக் கையில் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே நின்றது. இது எப்படி என்று சயோன்ஜியின் வட்டத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

ஹதாகெயாமா தெருக்கோடியில் காலியாகக் கிடந்த ஒரு கடையைப் பிடித்து வாரியத்தின் கிளை அலுவலகம் திறந்தார். வாடகை மிகக் குறைவு என்பதால்தான் அந்தக் கடை. அங்கும் ஒழுகியது, ஒரு வாளி வைத்துக்கொண்டார். பலகைகளில் விலை ஏறியிருப்பதைத் தினமும் நடந்து நடந்து பார்த்து மகிழ்ந்தார். கொசுறு அவர் கண்ணில் படாமல் இல்லை. தினமும் மதியம் அவரும்தான் வாங்கினார். ஆனால் அது வெறும் மரியாதை, பொருளாதாரத்தில் சேராது என்று நினைத்துவிட்டார்.

பன்னிரண்டாம் தேதி டொகுமாரு அம்மாள் வந்தாள். மாதாமாதம் இதே தேதியில் கடைகடையாக ஏறி விலைகளைக் குறித்துப் போகிற கணக்கெடுப்புக்காரி. அவள் வேறு இலாகா. சிரிக்க மாட்டாள், ஒரு வாய் தேநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். பைக்குள்ளிருந்து சின்னத் தராசை எடுத்து மொரிவாகியின் கடைப்படியில் வைத்தாள்.

“ஒண்ணு கொடுங்க. எவ்வளவு?”

“எழுபதுங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லி, பையில் இரண்டைப் போட்டார் மொரிவாகி.

“நான் ஒண்ணுதானே கேட்டேன்?”

“இன்னொண்ணு கொசுறும்மா.”

“எனக்குக் கொசுறு வேணாம். தராசுக்கு வேணும். வையுங்க.”

வைத்தார். நூற்றைம்பது கிராம். டொகுமாரு அம்மாள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கணக்குப் போட்டாள். “நான் விலையை நூறு கிராமுக்குத்தான் எழுதணும். போன மாசம் நூறு கிராம் எம்பது யென். இந்த மாசம் நாற்பத்தேழு. நாற்பத்திரண்டு சதவீதம் விலை இறங்கியிருக்கு.” சுற்றிலும் எட்டிப்பார்த்தவர்களிடம், “எல்லாக் கடைக்கும் வருவேன், இருங்க” என்றாள்.

தோள் பிடித்துவிடுவதை அவள் நிமிடக் கணக்கில் எழுதினாள். பல் டாக்டரிடம் தலைக்கு எத்தனை பல் என்று எண்ணினாள். கோயிலில் எத்தனை முன்னோர் என்று கேட்டு, மொத்தத் தட்சிணையை அத்தனை பேருக்கும் வகுத்தாள். சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. நாட்டிலேயே விலைவாசி மிக வேகமாக வீழ்ந்துகொண்டிருக்கும் நகரம் கமினோசே.

மறுநாள் காலை ஹதாகெயாமா தலைவிரிகோலமாகக் கடைக்கு ஓடிவந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க ஐயா! ஏத்தச் சொன்னா இறக்கிட்டீங்களே!”

“ஏத்தினேனுங்களே. பலகையைப் பாருங்க.”

“மன்னிப்பு கேட்டீங்கள்ல? அங்கதான் தப்பு! யாரு உங்களை மன்னிப்பு கேக்கச் சொன்னா?”

ஒரு வாரத்துக்குள் வாரியம் எண்பத்து நான்கு பக்கத்தில் ‘வருத்தமின்றி விலையேற்றுவது எப்படி’ என்ற கையேடு அச்சடித்தது. வீட்டுக்கு ஒன்று இலவசம். கூடவே ஒரு பொட்டலம் மெல்லிய காகிதக் கைக்குட்டையும் இலவசம். அந்தப் பொட்டலத்தில் பலூன்போல் ஊதிய ஒரு பொம்மை ‘ஏறுவோம்!’ என்று கையைத் தூக்கியிருந்தது. கையேட்டின்படி முதுகைப் பத்து டிகிரிக்கு மேல் வளைக்கக் கூடாது. ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லைத் தும்மலின்போது மட்டும் பயன்படுத்தலாம். கொசுறு கொடுக்கத் துடிக்கும் கையை மற்ற கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

“படிச்சா வராதுங்க, ஒருதரம் செஞ்சு காட்டுங்க” என்றாள் ஃபூமியே. ஹதாகெயாமா கோட்டைக் கழற்றி, ஏப்ரன் கட்டிக்கொண்டு கடை மேடைக்குப் பின்னால் நின்றார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

“கவனிங்க. எழுபது யென். நன்றி. முடிஞ்சுது. இதுல என்ன கஷ்டம்?”

நெமோதோ முன்னால் வந்து நூறு யென் நாணயத்தை வைத்தான். “ஒண்ணு.”

“எழுபது யென். நன்றி.” முப்பது யென்னை மீதி கொடுத்தார். கொரொக்கே ஒன்று மட்டும் போட்ட பையை நீட்டினார். தெரு மூச்சை அடக்கிக்கொண்டது.

நெமோதோ பையை வாங்கி உள்ளே எட்டிப்பார்த்தான். நிமிர்ந்து ஹதாகெயாமாவின் முகத்தைப் பார்த்தான்.

“ஒண்ணா…” என்றான். “பரவால்ல சார். உங்க நிலைமை அப்படி.”

ஹதாகெயாமாவின் காது சிவந்தது. இடது கை வலது கையைப் பிடித்தது. வலது கை உதறிக்கொண்டு போய் இரண்டு கொரொக்கேயை எடுத்துப் பைக்குள் திணித்தது. அத்தோடு நிற்காமல் அவர் தன் சட்டைப் பையைத் துழாவி, வாரியத்தின் கைக்குட்டைப் பொட்டலம் நான்கையும் எடுத்துக் கொடுத்து, நெற்றி மேடையில் இடிக்கும்வரை குனிந்தார். மொரிவாகிக்கு அந்த நிமிடம் அந்த மனிதர்மேல் சொல்ல முடியாத பாசம் வந்துவிட்டது.

“கஷ்டந்தான் இல்லீங்க?” என்றார் மெல்ல.

“ரொம்ப” என்றார் ஹதாகெயாமா, குனிந்தபடியே.

ஆனால் வாரியம் என்பது தோற்பதற்காக ஏற்பட்டது அல்ல. சயோன்ஜியை மறுபடி வரவழைத்தார்கள். அவர் கிளை அலுவலகத்தில் வாளிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கைச் சீர்செய்தார். விலைவாசியின் உண்மையான போக்கைக் காண வேண்டுமானால், தற்காலிகக் குழப்பங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது அறிவியல். ஆகவே முதலில் உணவுப்பொருளை ஒதுக்கினார். பிறகு முடிவெட்டு, வைத்தியம், வாகனம். பிறகு முன்னோர். விலை இறங்கிய ஒவ்வொன்றும் குழப்பம் என்று தெரியவந்ததால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனார். கடைசியில் நகரத்தில் குழப்பமில்லாத பொருள் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

ரயில் நிலைய வாசலில் குடை விற்கும் தானியங்கிப் பெட்டி அது. கூரை ஒழுகும் தெருவில் கூட்டம் சேரச் சேர, குடை நன்றாகப் போயிற்று. பெட்டியின் முதலாளிக் கம்பெனி எங்கோ தலைநகரத்திலிருந்தபடி ஐந்நூறை ஐந்நூற்றுப் பத்தாக மாற்றியிருந்தது. சரியாக இரண்டு சதவீதம்! கமினோசேயில் வெட்கப்படாமல் விலை ஏற்றியது அந்த இயந்திரம் ஒன்றுதான். கொசுறு கொடுக்க அதற்குக் கையும் இல்லை.

மாதிரி நகர அறிவிப்பு விழா கடைத்தெருவின் நடுவிலேயே நடந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. ஹதாகெயாமா குடைபிடித்தபடி காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

“பெருமதிப்பிற்குரிய கமினோசே மக்களே! குழப்பங்கள் நீங்கலான விலைவாசிக் குறியீடு இரண்டு சதவீதத்தை எட்டியுள்ளது. உங்கள் நகரம் மாதிரி நகரம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். மொரிவாகி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தார். கண்கூடக் கொஞ்சம் கலங்கிவிட்டது.

“இந்த வெற்றிக்குக் காரணம் குடை விலை. குடை விலைக்குக் காரணம் இந்தக் கூரை. ஆகவே,” ஹதாகெயாமாவின் குரல் தாழ்ந்தது, “தேசத்தின் இலக்கைத் தாங்கி நிற்கும் இந்த ஒழுகலை, உரிய மரியாதையுடன் பாதுகாப்பது என்று வாரியம் தீர்மானித்துள்ளது. கூரையைச் சரிசெய்வது விலைவாசியை வீழ்த்தும் செயலாகும். பரிசாக ஒரு பித்தளைப் பலகை வழங்கப்படுகிறது.”

பலகையை மொரிவாகியின் கையில் கொடுத்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் குனிந்து நன்றி சொன்னார். அவர் தலைக்கு மேலே ஒரு துளி சொட்டியது.

ஃபூமியேதான் முதலில் வாய் திறந்தாள். “கூரையை நாமே போட்டுக்கிட்டா யாரு கேக்கறது?”

யாருக்கும் இதுவரை இது தோன்றவில்லை. பதினோரு மனு எழுதியவர்களுக்கு மனு எழுதத்தான் தோன்றும். ஆனால் இப்போது எல்லோர் கையிலும் கொஞ்சம் காசு நின்றது. மொரிவாகி தன் கடை மேடையில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தார், ஒருவரும் எண்ணிப் பார்க்காமலே அது நிறைந்தது. நெமோதோவின் மைத்துனன் இபூரி கூரை வேலைக்காரன். அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அளந்து பார்த்து, தலையைச் சொறிந்து, “மாதிரி நகரத்துல வாரியம் சொன்ன விதிப்படி கூலியை ரெண்டு சதவீதம் ஏத்தித்தானுங்க சொல்லணும், கோவிச்சுக்காதீங்க” என்றான். சொன்ன வெட்கத்தில் கூரையைப் போட்டதோடு மழைநீர்க் குழாயை மாற்றி, விளக்குக் கம்பங்களுக்கு வண்ணம் அடித்து, யாரும் கேட்காமலே வாரியத்தின் கிளை அலுவலக ஒழுகலையும் அடைத்துவிட்டுப் போனான். மொரிவாகி பித்தளைப் பலகையைக் கொரொக்கேயில் எண்ணெய் வடிய வைக்கும் தட்டாக வைத்துக்கொண்டார். நல்ல கனமான பலகை.

முதல் பெருமழை வந்த நாளன்று மொரிவாகி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று கூரையில் மழை தாளம் போடுவதைக் கேட்டார். ஒரு சொட்டு விழவில்லை. குடையைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து, துடைத்து, மூலையில் சாத்திவைத்தார். இருபத்தாறு வருடத்தில் இப்படியொரு நிம்மதியோடு அவர் கொரொக்கே பொரித்ததில்லை. பாட்டுக்கூடப் பாடினார். ஃபூமியே போதும் என்று சொல்லும்வரை பாடினார்.

சாயங்காலம் ஹதாகெயாமா தோல்பையோடு கடை முன்னால் வந்து நின்றார். குடை ஒன்றும் விற்கவில்லை என்று தானியங்கிப் பெட்டியைத் தலைநகரத்துக்கு எடுத்துப்போகப் போகிறார்கள். அதற்கு முன்பே அவரையும் எடுத்துக்கொண்டார்கள். வடக்கே ஒரு தீவுக்கு மாற்றல். அங்கே கடல் பாசியின் விலை முப்பது வருடமாக நிற்கிறதாம்.

“போய்ட்டு வரேன் ஐயா. நல்லபடியா இருங்க” என்று குனிந்து வணங்கிவிட்டு நிலையத்தை நோக்கி நடந்தார். சற்று நேரத்தில் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். கூரை முடிகிற இடத்திலிருந்து நிலைய வாசல் வரைக்கும் திறந்த வெளி. நடைமேடையிலும் கூரை கிடையாது.

“குடை வாங்கலையா சார்?”

“ஐந்நூத்திப் பத்து” என்றார் ஹதாகெயாமா, தன் கையிலிருந்த ஒற்றை நாணயத்தைப் பார்த்துக்கொண்டே. “எங்கிட்ட ஐந்நூறுதான் இருக்கு.”

மொரிவாகி அடுப்பின் பக்கம் திரும்பினார். இரண்டு கொரொக்கேயைச் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றினார். மூலையில் சாத்தியிருந்த கண்ணாடிக் குடையை எடுத்து, அதன் கைப்பிடியில் பையைத் தொங்கவிட்டு நீட்டினார்.

ஹதாகெயாமா பதறிப்போனார். “குடையா? இது எவ்வளவு?”

“கொசுறு.”

நகரத்தின் விலைவாசி முழுவதும் குடை என்ற அந்த ஒரு பொருளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. ஹதாகெயாமா தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். டொகுமாரு அம்மாள் எங்கேயும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, அவசர அவசரமாகக் குடையை விரித்து மழைக்குள் நடந்தார்.